பெரிய வெள்ளியில் ஒட்டிய தொட்டி

கடல் தண்ணீருக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியுமா? தெரியும் என்றுதான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஒரு தெருவே நம்புகிறது. நீங்களும் அப்படி நம்புகிறவரென்றால், யசிந்தாவுக்கு நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

யசிந்தாவுக்கு நாற்பத்தேழு வயது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் பதினெட்டு வருடம் கண்ணாடி வெட்டியவள். கடை பூட்டுப்பட்டதும் வீட்டு முன்னறையிலேயே மீன்தொட்டி செய்யத் தொடங்கினாள். கலியாணம் செய்யவில்லை. தாய் போன பிறகு அந்த வீட்டில் அவளும் கண்ணாடிகளும்தான். சிலிக்கன் பசை காயும்போது வினாகிரி போலப் புளிப்பாய் மணக்கும். மணம் வந்தால் அயலவர்கள் “யசிந்தாவுக்கு ஓடர் வந்திட்டுது” என்பார்கள். இப்போது மூன்று மாதமாக அந்த யன்னலால் ஓடர் மணம் வருவதில்லை.

கடைசியாக வந்த ஓடர் கனிசியஸுடையது. ஏழு மீன்பிடிப் போட்டுக்கும் கடற்கரையோர விடுதியொன்றுக்கும் சொந்தக்காரர். விடுதி வாசலில் கடல் மீன் தொட்டி வேண்டும், மோட்டரை மறைக்க உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தகடு வேண்டும் என்றார்.

“அண்ணை, சிலிக்கன் கண்ணாடியைக் கண்ணாடியோடை இறுக்கிப் பிடிக்கும். பிளாஸ்டிக்கை அப்பிடிப் பிடியாது. தகடு தண்ணியிலை ஊறி வளையேக்கை பசை தோல் மாதிரி உரிஞ்சு வரும். தடுப்பையும் கண்ணாடியிலை போடுவம். இல்லாட்டி ரெண்டு பக்கமும் ஒடுங்கின கண்ணாடிக் கீலம் ஒட்டி, நடுவிலை தகட்டைச் செருகுவம்.”

“உனக்கு எல்லாம் பெரிய வேலை, பிள்ளை. வாற வியாழன் வெளிநாட்டுச் சனம் வருது. சும்மா ஒட்டித் தா, அவ்வளவே காணும்.”

அவள் இணங்கினாள். அது அவளுடைய பிழை. பசை ஆறு நாள் காய வேண்டும். வியாழன் தண்ணீர் விடுவதென்றால் வெள்ளிக்கிழமையே ஒட்டியாக வேண்டும். அந்த வெள்ளி, யேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி. அன்றைக்கு அந்தத் தெருவில் ஒருவரும் ஆணி அடிக்கமாட்டார்கள், கிழிந்த வலை பொத்தமாட்டார்கள். யசிந்தாவின் யன்னலால் வினாகிரி மணந்தது. அது தெரு முழுக்கப் போனது.

தண்ணீர் விட்ட மூன்றாவது வாரம் தகட்டின் ஒரு மூலை கழன்றது. கனிசியஸ் அவளைக் கூப்பிடவில்லை. தன் போட்டுகளுக்கு ஒட்டுப் போடும் எமில்ராஜைக் கூப்பிட்டார். கடலைத் தாங்கும் பசை தொட்டியைத் தாங்காதா என்று எமில்ராஜ் போட்டுக்குப் பூசும் றெசினைக் குழைத்துப் பூசினான். அன்று பின்னேரமே மீன்களைத் திரும்ப விட்டார்கள். விடிய, பதினொரு மீனும் செத்து மிதந்தன.

சரியாக இறுகாத றெசினிலிருந்து நஞ்சு கசியும். கடலில் அது கரைந்து காணாமல் போகும். தொட்டியில் அது போவதற்கு மீனின் செவுளைத் தவிர வேறு இடமில்லை. கனிசியஸ் றெசினைப் பற்றி மூச்சு விடவில்லை. “பெரிய வெள்ளியிலை ஒட்டின தொட்டி, வேறை என்ன நடக்கும்?” என்றார். தெருவுக்கு அது போதுமாக இருந்தது. யோசிக்கிற வேலை மிச்சம் அல்லவா?

ஞாயிறு தோறும் படலையில் நின்று “யசிந்தா, வாறியோ?” என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, இப்போது பத்து நிமிடம் முந்தியே பூசைக்குப் போய்விடுகிறாள். கோயிலில் யசிந்தா இருக்கிற நாலு பேர் வாங்கில் மற்ற மூன்று இடமும் வெறுமையாகக் கிடக்கின்றன. சில நாட்களில் அவளுடைய குரலைக் கேட்கிற ஒரே ஆள், காலையில் ரொட்டி விற்க வரும் பாண்காரன்.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. நான்கு ஊறுகாய்ப் போத்தல்களைக் கழுவிக் கடல் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குழாய் விட்டு, தெருவுக்குத் தெரிய மதிலில் வைத்தாள். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் செவ்வாய்க்கிழமை சிலிக்கன் ஒட்டிய கண்ணாடித் துண்டு. ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பூசை நேரத்தில் ஒட்டிய துண்டு. இரண்டும் ஆறு நாள் காய்ந்தவை. கடைசியில் எமில்ராஜின் றெசின், அவன் செய்தது போலவே பூசிய அன்றே இறக்கியது. ஒவ்வொன்றிலும் இரண்டு குஞ்சு மீன். ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிய ஒரு கடதாசி.

அடுத்த நாள் மத்தியானம் றெசின் போத்தல் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்தன. அவசரமாக அள்ளி நல்ல தண்ணீரில் விட்டாள். ஒன்றுதான் தப்பியது. மற்ற மூன்று போத்தலிலும் மீன்கள் ஓடித் திரிந்தன, ஞாயிற்றுக்கிழமைப் போத்தலிலும்.

எமில்ராஜைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து மணந்து பார்த்தான்.

“இது என்ரை சாமானெல்லே, அக்கா.”

“ஓம். உன்னட்டைக் கேட்டு வாங்கினதுதான்.”

“இருவது வருசமாப் போட்டுக்குப் பூசுறன், ஒரு மீனும் சாகேல்லை.”

“செத்த மீன் வந்து உன்னட்டை முறைப்பாடு வைக்குமோ?”

அவன் சிரித்தான். பிறகு றெசின் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தகடு கழண்டது என்ரை பிழை, எமில். மீன் செத்தது என்ரை பிழையில்லை. பூசை முடிஞ்சு சனம் நிக்கேக்கை இதை ஒருக்காச் சொல்லிவிடு.”

“கனிசியஸ் அண்ணையின்ரை ஏழு போட்டு வேலையாலைதான் என்ரை அடுப்பு எரியுது, அக்கா. குறை நினையாதேங்கோ.”

அவன் போய்விட்டான். யசிந்தா தானே கனிசியஸிடம் போனாள். தகட்டைச் சும்மா ஒட்டியது தன் பிழை, கீலம் போட்டுத் திருத்தித் தருகிறேன் என்றாள். றெசினைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அவர் சொன்னது இது: “அவளே வந்து தன்ரை பிழையெண்டு ஒத்துக்கொண்டிட்டாள்.” நேர்மையாகச் சொன்ன பாதியை எடுத்து முழுப் பழியாக்கிவிட்டார். பக்கத்தில் நின்ற எமில்ராஜ் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போத்தல்கள் இன்னும் மதிலில் இருக்கின்றன. அவள் தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். தெருவால் போகிறவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிறார்கள். பார்த்தவர்கள் இத்தனை பேர். வாய் திறந்தவர் ஒருவர்கூட இல்லை. உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. குருநகர்ப் பக்கம் போனால் அந்தப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். கடதாசிகளை வாசியுங்கள், மீன்களைப் பாருங்கள், அவளோடு கொஞ்ச நேரம் இருந்து கதையுங்கள். பிறகு கோயில் வாசலுக்கு நடந்து போய், சனம் கலைய முன்னர், கண்டதை உரத்துச் சொல்லுங்கள்.