சூட்டோடு வடித்த எண்ணெய்

அண்ணை மறைந்து ஓராண்டாகிறது. "அமைதியாக இறைவனடி சேர்ந்தார்" என்று நினைவு மலரில் போடவா என அச்சகத்தில் கேட்டார்கள். அவர் அமைதியாகப் போகவில்லை. சுட்டுக் கொன்றார்கள். அதனால் ஒரே தங்கையான நானே இதை எழுதுகிறேன்.

நாரந்தனையில், கடற்றொழில் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணை. போர் தொடங்கியதும், கடற்படையினர் எங்கள் வள்ளத்தைக் கரையில் வைத்தே கொளுத்தினார்கள். அணைக்கப் போன, எங்களைப் பெற்ற ஐயாவை அடித்துக் காலை முறித்தார்கள். கடலை நம்பிப் பயனில்லை என்று ஆனபின், அண்ணை ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடத் தொடங்கினார்.

பெயருக்குத்தான் ஹயர். அதில் ஏறியவர்களில் பாதிப்பேர் காயக்காரர். ஷெல் துண்டு தைத்தவர், கண்ணிவெடியில் பாதம் போனவர், வாளால் வெட்டு வாங்கியவர் எல்லோரையும் பின் சீற்றில் கிடத்திக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவார். ஒருமுறை சோதனைச் சாவடியில் சிப்பாய்கள், சீற்றில் கிடந்த இரத்தம் யாருடையது என்று கேட்டுத் துவக்குப் பிடியால் முகத்தில் அடித்தார்கள். முன்பற்கள் போயின. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, காருக்குக் கீழே படுத்து எண்ணெய் மாற்றினார்.

அவருக்கு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெய் மாற்றினால் போதும் என்று காரோடு வந்த புத்தகம் சொன்னது. அண்ணை ஐந்நூறு மைலிலேயே மாற்றிவிடுவார். பெற்றோல் இல்லாமல் எல்லோரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்து, ஒரு சொட்டை விரலில் தேய்த்து மணந்து பார்ப்பார்.

"உது காரோ, கைக்குழந்தையோ?" என்று அயலவர் பகிடி பண்ணுவார்கள்.

"மண்ணெண்ணெய் உள்ளுக்கு இறங்கினா எண்ணெய் தண்ணியாப் போயிடும். பிறகு எஞ்சின் இறுகிப் பாலத்திலை நிண்டா, பின்னுக்குக் கிடக்கிறவன் சாவானடாப்பா" என்பார்.

காயக்காரரை ஏற்ற வேண்டாம் என்று அவருக்கு எச்சரிக்கை வந்தது. அண்ணி அழுது பார்த்தார். அவர் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் அவர் காருக்குக் கீழே கிடந்தார். பழைய எண்ணெய் முழுவதும் கீழே வைத்த பேசின் பாத்திரத்துக்குள் வடிந்திருந்தது. மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள்.

"அண்ணை, ஹயர் ஒண்டு வருமோ?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பியவை, எண்ணெயை விட்டிட்டு வாறன்" என்று கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். வயிற்றில் சுட்டார்கள். விழுந்தவரை மறுபடியும் சுட்டார்கள். ஒரு சன்னம் புதிய எண்ணெய்த் தகரத்தைத் துளைத்தது. நான் குசினியிலிருந்து ஓடிவந்தபோது அந்த எண்ணெயும் அவருடைய இரத்தமும் ஒன்றாக மணலில் ஊறிக்கொண்டிருந்தன.

ஊரில் வேறு வாகனம் இல்லை. ஊரைக் காப்பாற்றிய கார் எண்ணெயில்லாமல் நின்றது. அண்ணி காருக்குக் கீழே புகுந்து எண்ணெய் வடிக்கும் நட்டை இறுக்கினார். பேசினைத் தூக்கி, வடித்த கறுப்பு எண்ணெயை அப்படியே எஞ்சினுக்குள் திரும்ப ஊற்றினார். அயலவர் அண்ணையைத் தூக்கிக் கிடத்தினார்கள். நான் ஓட்டினேன்; ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

மண்கும்பான் கழிந்ததும் கண் திறந்தார்.

"பழைய எண்ணெயோ விட்டனீங்கள்?"

"ஓம். வேறை இல்லை. கதைக்காதேங்கோ" என்றார் அண்ணி.

"சத்தம் கேக்குது. போய் இறங்கின உடனை மாத்துங்கோ. அடுத்த ஆளுக்கு ஏலாமல் போயிடும்."

எஞ்சின் நிற்கவில்லை, பாலத்தின் நடுவில் அண்ணையின் மூச்சு நின்றது.

அன்று இரத்தத்தில் தோய்ந்து அவரைத் தூக்கிய அயலவர்களுக்கும், சோதிக்காமல் தடையைத் திறந்துவிட்ட அந்த ஒரு சிப்பாய்க்கும், பயத்தை விழுங்கிக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும், தேவாலயத்தில் பூசை வைத்த சுவாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வராதவர்கள் மீது கோபம் இருந்தது, இப்போது குறைவு. சுட்டவர்களை மன்னிக்கும்படி சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவர் மன்னிக்கட்டும். என்னால் ஏலாது.

அடக்கம் முடிந்து வந்ததும், அண்ணியும் நானும் எஞ்சினைச் சூடாக்கி அந்த எண்ணெயை வடித்தோம். பின் சீற்றைக் கழுவினோம். கார் வாசலில்தான் நிற்கிறது, அண்ணி எண்ணெயை ஐந்நூறு மைல் தாண்ட விடுவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் துவக்குச் சூடு பட்டால் யோசிக்காமல் ஓடி வாருங்கள். எண்ணெய் புதிதாகவே இருக்கும்.