சாமி முன் இருந்த ஹார்ட் டிஸ்க்

நாங்கள் கொல்கத்தா பெஹாலாவில் இருந்தபோது, துர்கா பூஜை சமயத்தில் எங்கள் கம்ப்யூட்டருக்கு உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி போய்விட்டது. ஹார்ட் டிஸ்க்கும் சில நாளாகவே கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

பெரிய கடைகள் பூஜைக்கு அடைத்திருந்தன. என் கணவர் திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் பெயர் தெரியாத பவர் சப்ளை ஒன்றும், புது ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வந்தார். பவர் சப்ளை காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. சொன்னேன். "இந்த நேரத்துல இதாவது கிடைச்சுதே" என்றார்.

அன்று நவமி, நமக்கு சரஸ்வதி பூஜை. மகள் பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பாடப்புத்தகங்களோடு சாமி முன் வைத்திருந்தாள். மறுநாள்வரை அதைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

"புதுசைத்தான் பூஜையில வைக்கலையே, அதைப் போட்டுப் பார்க்கறேன்" என்று என் கணவர் புது பவர் சப்ளையோடு அதை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். பட்டென்று வெடித்துக் கருகல் வாடை வந்தது. புது டிஸ்க் அதோடு போய்விட்டது.

மகள் ஓடிப்போய்ப் பழைய டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. கடைகள் திறந்ததும் நல்ல பவர் சப்ளை வாங்கி மாட்டினோம். ப்ராஜெக்ட் முழுசாக இருந்தது.

இப்போதெல்லாம் விசாரிக்காமல் பவர் சப்ளை வாங்குவதில்லை. மாட்டியதும் முதலில் வெற்று டிஸ்க்கில்தான் சோதிக்கிறோம். முக்கியமானதற்கெல்லாம் இரண்டு பிரதி உண்டு. சரஸ்வதி பூஜையன்று அதில் ஒன்றைச் சாமி முன் வைப்பவர் என் கணவர்தான். எங்களிடம் விட்டால் மறந்துவிடுவோமாம்.