சனிக்கிழமை மட்டும் ஒழுகிய குளிரூட்டி

2024 மார்ச் 9, சனிக்கிழமை. வாசலைக் கூட்டிவிட்டு நாளிதழோடு உட்கார்ந்தேன். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து, ஜொகூர் பாலம் கடந்து வந்த மகள் படுக்கப் போனாள். சற்று நேரத்தில் தலையணையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, ஏர்கோன் மறுபடியும் ஒழுகுது லா! குடை பிடிச்சிக்கிட்டா தூங்குறது?"

அன்றிரவும் அவளுக்கு வேலை. பகலில் தூங்கியே ஆகவேண்டும். குளிரூட்டியின் வடிகட்டி சுத்தமாகவே இருந்தது. போன சனிக்கிழமையும் இப்படித்தான் ஒழுகியது. மற்ற நாள்களில் ஏன் ஒழுகவில்லை?

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குளிரூட்டியிலிருந்து குழாய் வழியே வடியும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்காக என் மனைவி வாளியில் பிடிப்பாள். வாளி நிறைந்து, குழாயின் முனை தண்ணீருக்குள் முங்கியிருந்தது. முனையைத் தூக்கியதும், உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மடமடவென்று கொட்டியது.

"நேத்து வாளியை ஊத்தலையா?"

"தினமும் சாயங்காலம் ஊத்திருவேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன்ல!" என்றாள் மனைவி.

"நின்னுருச்சு!" என்று உள்ளிருந்து மகள் கத்தினாள். "செடிக்கு மட்டும் ஊத்துங்கம்மா, எனக்கு வேணாம்!"

வாளியைக் காலி செய்தேன். அவள் மாலைவரை தூங்கினாள்.

மறுநாள் காலை, வாசலைக் கூட்டுவதற்கு முன்பே, குழாயின் முனை வாளியின் விளிம்புக்கு மேலே நிற்கும்படி வெட்டிவிட்டேன்.