செவலைக்குப் பார்த்த சம்பந்தம்

எங்கள் வீட்டில் நாய்க்குட்டியைக் கொஞ்சக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் அம்மா. குட்டிகள் ஆட்டுப்பட்டிக்குள்ளேயே, ஆட்டுக்குட்டிகளோடு ஒட்டிப் படுத்து, அந்த வாசனையிலேயே வளர வேண்டும். மடியில் வைத்துக் கொஞ்சினால் நம் பின்னால் வீட்டுக்கு வந்துவிடும், அப்புறம் ஆட்டை யார் பார்ப்பது என்பாள். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர்கள் வீட்டுக் காவலுக்குக் குட்டி கேட்டு வருவார்கள். சங்கிலியில் கட்டிப் போடுகிற இடத்துக்கு அம்மா கொடுக்க மாட்டாள்.

செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருந்தது எங்கள் நிலம். நாணல் புதரில் நரி இருந்த காலம். நாய் சரியில்லை என்றால் விடியும்போது பட்டியில் ஆடு குறையும். எங்களிடம் இருந்த பெட்டை நாய் செவலையும் கடுவன் கருப்பனும் ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆடு ஈனும்போது செவலை பக்கத்தில் படுத்துக்கொண்டு காக்காய் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டையும் சேர்த்துக் குட்டி எடுத்தால் குணம் மாறாது என்று அப்பா நினைத்தார். அப்படியே எடுத்தார்.

குட்டிகள் லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் அதில் இரண்டு, பட்டியே கத்தினாலும் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் என் அண்ணன். அவனுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அவன் காலால் தரையை ஓங்கித் தட்டுவான். அதிர்வு பட்டதும் இரண்டும் எழுந்து அவனிடம் ஓடிவரும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அம்மா மட்டும் சாணிக்கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கிணற்றில் போட்டுவிடலாம் என்றார் ஆடு மேய்க்கிறவர்.

"இங்கியே இருக்கட்டும்பா" என்றாள் அம்மா. "கூழு நான் ஊத்தறேன். அதுங்கள வெச்சிக் குட்டி மட்டும் எடுக்க வேணாம்."

அம்மா அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் பல பெண்கள் கணவரை அப்படிக் கூப்பிடுவதுதான். ஆனால் அப்பா அவளுக்கு நிஜமாகவே மாமா, அவளைப் பெற்றவளின் கூடப்பிறந்த தம்பி. அண்ணனை மதராஸுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டாராம். இருவரும் ஊருக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

அடுத்த முறை செவலை பருவத்துக்கு வந்தபோது அம்மா அதை வைக்கோல் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். கருப்பன் வெளியே படுத்து முனகியது. கழனியிலிருந்து வந்த அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

"எதுக்குச் செவலைய அடைச்சி வெச்சிக்கினு இருக்க? கருப்பன் மாதிரி நாயி இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்குதா?"

"இல்லதான். ஆனா ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுங்க. வாலாஜாபாத்தாண்ட பட்டி வெச்சிருக்காங்களே, அவங்க நாயப் பாத்துட்டு வாங்களேன்."

அப்பா சிரித்தார். "நாயிக்குப் போயி சம்பந்தம் பேசச் சொல்றியா?"

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாயிக்காச்சும் வெளிய பாப்போம், மாமா."

அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. கை தட்டிலேயே கிடந்தது. எதிரே அண்ணன் அப்பளத்தை நொறுக்கி நொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். அம்மா எதிர்த்துப் பேசியதில் அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்து, நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அப்பா செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாலாஜாபாத்துக்கு நடந்தார். அதை அங்கே விட்டுவிட்டுத் திரும்பியவர், பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அதோட தாய் உத்திரமேரூர் பக்கம். தகப்பன் வாலாஜாபாத்து. ஒட்டு உறவு கிடையாது. ஆட்டுக்குட்டிங்க அது மேல ஏறி வெளையாடுதுங்க, அது சும்மாப் படுத்துக்கினு இருக்குது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பின்னால நின்னு கை தட்டிப் பாத்தேன். திரும்பிச்சி."

"சரி மாமா" என்றாள் அம்மா.

அறுப்பு முடிந்த சமயத்தில் செவலை குட்டி போட்டது. அவை தத்தி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அம்மா பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அப்பா ஒரு குட்டியைத் தூக்கி, அண்ணனுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். அவன் ஓங்கித் தட்டினான். குட்டி துள்ளித் திரும்பியது. அவன் சிரித்தான். அடுத்ததும் திரும்பியது. அதற்கடுத்ததும். கடைசிக் குட்டி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். இன்னொரு தரம் என்று அப்பா விரலால் காட்டினார். அண்ணன் தட்டினான். குட்டி காதை விடைத்து, திரும்பி, அவனைப் பார்த்துக் குரைத்தது.

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வரப்பில் இறங்கி நடந்தார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணன் தட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாத்துக்கும் கேக்குதே, அப்புறம் ஏம்மா அழுவுற?" என்றேன்.

"கண்ணுல தூசிம்மா."

நான் நம்பினேன். அவள் முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றினேன். கண்ணீர் நிற்கவில்லை. பெரிய தூசி போலிருக்கிறது என்று மறுபடியும் ஊதினேன்.