பாப்பா பால் குடிச்சுதா?

தொலைபேசியைக் கையில் எடுத்ததும் எழுந்து நின்றுவிடுகிறார். உட்கார்ந்து பேசினால் குரல் சோர்ந்து ஒலிக்குமாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி எண்களை அழுத்துகிறார். மகப்பேறு மருத்துவமனையில் செவிலியான அவரை எல்லோரும் 'போன் சிஸ்டர்' என்றே அழைக்கிறார்கள்.

பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளிகள், தடித்த தாளில் காய்ந்து, பக்கத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகின்றன. தைராய்டு குறைவோ என்று சந்தேகம் எழுந்தால் பெற்றோரை உடனே வரவழைப்பது இவர் வேலை. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடும். முதல் வாரங்களிலேயே மாத்திரை தொடங்கிவிட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியாடும்.

"பயப்படாதீங்க" என்று அவர் தொடங்குவதே இல்லை. "அப்படிச் சொன்னாத்தாங்க பயமே வரும்." அவருடைய முதல் கேள்வி எப்போதும் "பாப்பா பால் குடிச்சுதா?" என்பதுதான். வீட்டிலும் இதே உரத்த குரல். "பக்கத்துலதானே இருக்கேன், ஏன் ஊருக்கே சொல்றே?" என்பாராம், தையற்காரரான கணவர்.

அவரைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று ஒரு தச்சரை அழைத்தார். அவர் இவருக்கு மேல் உரக்கப் பேசுகிறவர். எனக்கே கேட்டது.

"எங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க. தங்கமான பிள்ளை, அழவே அழாது. பாலுக்குக்கூட நாங்கதான் தட்டி எழுப்பணும்."

சிஸ்டரின் முகம் மாறியது. குரல் மாறவில்லை.

"அழாம தூங்கிட்டே இருக்கறதும் ஒரு அறிகுறிதாண்ணே. அதுக்குத்தான் இன்னொரு தடவை பார்க்கணும்."

"கையில அவசர வேலை. அடுத்த வாரம் வர்றோம்."

"கதவு, ஜன்னலெல்லாம் காத்திருக்கும்ண்ணே. பிள்ளையோட மூளை காத்திருக்குமா? இன்னிக்கே தூக்கிட்டு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

 "சரிம்மா" என்றது மறுமுனையில், மிகவும் இறங்கிப்போன குரல்.

சொன்னபடியே வாசலில் நின்றார். தலையில் மரத்தூளோடு தச்சர் வந்தார். பின்னால் மனைவி; உள்ளே வந்து மடியில் கிடத்திய பிறகும் கண் திறக்காத குழந்தை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள்; ஸ்கேன் பார்த்தார்கள். சந்தேகம் உறுதியானது.

"நான் எதையாவது தின்னு கெடுத்துட்டேனா சிஸ்டர்?" என்று தாய் விசும்பினாள்.

"நீ ஒண்ணுமே பண்ணலைம்மா. சில பிள்ளைங்களுக்குத் தைராய்டு சுரப்பியே உருவாகாது. சிலதுக்கு இருந்தும் சுரக்காது. உன் மகளுக்குக் கழுத்துக்கு இறங்க வேண்டியது நாக்கடியிலயே தங்கிடுச்சு. பஸ்ஸை விட்டுட்டு நிக்குதுன்னு வெச்சுக்கோயேன்!"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரையைப் பொடித்து, கரண்டியில் தாய்ப்பாலோடு குழைத்து நீட்டினார் சிஸ்டர். "உன் கையாலேயே குடு. இனிமே தினமும் நீதானே குடுக்கப்போறே."

சில மாதங்கள் கழித்து அந்த அறைக்கு மறுபடி போனேன். தச்சர் குடும்பம் பரிசோதனைக்கு வந்திருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டாராம். தாயின் இடுப்பில் நிலைகொள்ளாமல் துள்ளிக்கொண்டிருந்த பெண், கொஞ்ச வந்த சிஸ்டரின் மூக்குக் கண்ணாடியைச் சட்டென்று பறித்துவிட்டது. "ஐயோ, குடுடி!" என்று தாய் அந்தப் பிடியைத் தளர்த்தப் பார்த்தாள். அதற்குள் தொலைபேசி அடித்தது.

"விடும்மா, வெச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் மேஜையைக் கையால் துழாவியபடி தொலைபேசியைத் தேடினார்.