கதவுக்கு முந்தி வந்த பூட்டு

எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் நேற்றுக் காலையில் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். "வாத்தியாரம்மா, கொஞ்சம் தேங்காண்ண குடுங்க. பின்கதவுப் பூட்டு துருப்புடிச்சுக் கெடக்கு, தெறக்க மாட்டேங்குது" என்றாள். எண்ணெயை ஊற்றிக் கொடுத்ததோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வேடிக்கை பார்க்கிற குணம் என்னை விட்டுப் போகவில்லை. அவள் பின்னாலேயே போய் நின்றேன். அவள் புருஷன் சாவித் துவாரத்தில் எண்ணெய் விட்டு, சாவியை அப்படியும் இப்படியும் அசைத்துக் கொண்டிருந்தான். சொந்த வீடு வாங்கிய மிதப்பில் இருவருக்கும் துருப்பிடித்த பூட்டுக்கூடச் சிரிப்பாக இருந்தது. இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அங்கே நிற்கக் கொள்ளவில்லை. உலை கொதிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது எங்கள் தகரப் பெட்டியின் வாடை. நான் பள்ளிக்கூடம் போன புதிதில் என் பாவாடை சட்டையெல்லாம் அப்படித்தான் நாறும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் 'பூட்டுக்காரி' என்று பேர் வைத்திருந்தார்கள். காரணம், அந்தப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே, எண்ணெய்ச் சீலையில் சுற்றி, என் அம்மா ஒரு திண்டுக்கல் பூட்டு வைத்திருந்தாள். பூட்டுவதற்குச் சொந்தக் கதவு இல்லாத காலத்திலேயே வாங்கிய பூட்டு அது.

நாங்கள் அப்போது பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம்; வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள்தான் லயம். அப்பா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணிக்குக் கீழே, தன் பேரை நம்பி ஊரிலிருந்து வந்த கொஞ்சம் ஆட்களை வேலை வாங்குகிறவர். அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. காம்பரா என்றால் நீங்கள் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, மூலையில் அடுப்பு, தலைக்கு மேலே தகரம், அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசி மழையில் அம்மாவும் நானும் நனைந்துகொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தால், காம்பராவுக்குள் யாரோ இருந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரு மூட்டை. எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு அடுப்பு மூட்டி, அந்தப் பெண் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்தாள். கரையிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, புதிதாக வந்த ஆட்கள். காலியாக வேறு காம்பரா இல்லை. பெரிய கங்காணி இதைக் கையைக் காட்டியிருக்கிறார். தோட்டத்தில் அதுதான் வழக்கம். அந்த மழைக்காலம் முழுவதும் அவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். நல்ல சனங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அம்மாவால் அதை விழுங்க முடியவில்லை.

"உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்றாள் அப்பாவிடம்.

"கேட்டா மட்டும் வேணாம்னு சொல்லப் போறியா?"

"சொல்ல மாட்டேன். ஆனா கேக்கட்டும்."

அவ்வளவுதான் அவள் ஆசை. மாடியும் மச்சும் அவள் கேட்கவில்லை. கேட்காமல் யாரும் திறக்கக்கூடாத ஒரு கதவு அவளுக்கு வேண்டும். பெட்டி, கொத்துச்சாவி, கத்தரிக்கோல் என்று சுமந்துகொண்டு லயம் லயமாக வரும் வியாபாரியிடம் அவள் அந்தப் பூட்டை வாங்கியது அதற்குப் பிறகுதான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பூட்டு வந்துருச்சு, இனி கதவ எங்க போயித் தேடுறது?" என்றார். ஆசைக்கு ஒரு நாள் காம்பராக் கதவில் அதைப் பூட்டினாள். அன்று சாயந்தரமே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து, உள்ளே என்ன பதுக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டுத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம்தான் பூட்டு பெட்டிக்குள் போயிற்று.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வாங்கிப் பார் என்று ஏன் சேர்க்கவில்லையோ தெரியவில்லை. பதுளையில் கடைத்தெருவுக்குப் பின்னால், சரிவில் ஒரு சின்ன வீடு. துணிக்கடைக் கணக்கர் ஒருவர் ஊரோடு போய்விடுவதென்று விற்றுவிட்டுக் கிளம்பினார். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு கொய்யா மரம். எதைப் போட்டு வாங்கினார்கள் என்று நான் கேட்டதில்லை; அன்றிலிருந்து அம்மாவின் காதில் ஈர்க்குச்சிதான் இருந்தது. பத்திரம் அப்பா பேருக்கு. வீடு வாங்கினாலும் தோட்டத்தை விடுவதாக யோசனை இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் சேர்த்து நிறுத்த வேண்டிய கங்காணி டவுனில் தூங்கக் கூடாது. ஆட்களை விட்டுவிட்டு வந்தால் அப்பா வெறும் மூட்டை தூக்குகிற ஆள்தான். ஆகவே வீட்டைப் பூட்டிவிட்டு லயத்தில் இருப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து திறந்து இருந்துவிட்டுப் போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். பூட்டுக்கு வேலை வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

அங்கேதான் அவள் சறுக்கினாள். லயத்துக் காம்பராவுக்கு யாரும் பால் காய்ச்சிக் குடிபோவதில்லை. கங்காணி கையைக் காட்டுவார், மூட்டையை உள்ளே போடுவோம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்குப் புதுவீட்டுச் சாங்கியமெல்லாம் காதால் கேட்டதுதான். சொந்த வீடு ஆயிற்றே, ஊர் மெச்சச் செய்ய வேண்டும் என்று, கடைக்கார வீட்டுப் பெண்களையெல்லாம் அழைத்துப் பால் காய்ச்சினாள். பால் நன்றாகவே பொங்கிற்று. எல்லோரும் குடித்துவிட்டு எழுந்த நேரத்தில், அடுத்த வீட்டுத் துணிக்கடை அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்ப அந்திக்கு வெளக்கு வைக்கப்போறது யாரு?"

"நாங்க பூட்டிட்டுப் போறோங்க. ஞாயித்துக்கெழம வந்துருவோம்."

"பால் காச்சுன வீட்டயா? வெளக்கு வைக்காம இருட்டுல போட்டா மூதேவி வந்து குடியேறிருவாளே. பூட்டிட்டுப் போறவங்க எதுக்குப் பால் காச்சணும்?"

அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. கேட்காமல் குடியேறுகிறவர்கள் என்றால் அவளுக்கு ஆகாது, மூதேவியானாலும் அப்படித்தான். துணிக்கடை அம்மாளிடம் சாவியைக் கொடுத்து விளக்கேற்றச் சொல்லலாம் என்றார் அப்பா. தன் கதவை வேறொருத்தி திறப்பதா? அன்று சாயந்தரம் அம்மா விளக்கேற்றினாள். அப்பா மட்டும் மலையேறிப் போனார். ஒரு வாரத்துக்குள் ஏதாவது வழி செய்துகொள்ளலாம் என்று பேச்சு.

வீட்டில் குடியிருக்கவும் பழக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. லயத்தில் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கிற நேரத்துக்கு அம்மா தானாக எழுந்துவிடுவாள். தப்புச் சத்தம் இல்லை. எழுந்து, தலையை முடிந்து, வாசலில் நின்று, போக இடமில்லாமல் திரும்பி வருவாள். இரண்டு அறை இருந்தும் அடுப்புக்குப் பக்கத்தில்தான் ஒண்டிப் படுத்தோம். மற்ற அறையில் நான் போய் நின்று கூவிப் பார்ப்பேன். என் குரல் எனக்கே திரும்பி வரும். பகலில் அம்மா கடைகளுக்கு மிளகாய் இடித்துக் கொடுத்தாள். வெலிமடைக் காய்கறி வண்டி வந்தால் வீட்டு வாசலில் நின்றபடியே பேரம் பேசினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டாள். இன்று இதை எழுதும் எழுத்து அந்த வீடு கொடுத்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டது என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்பா ஞாயிறுதோறும் வந்தார். தோளில் விறகுக் கட்டு, மடியில் தேயிலைத்தூள். வந்ததும் கம்பளியைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டுவார். ஒரு ஞாயிறு, அந்தக் கம்பளியின் கிழிசல் பச்சை நூலால் தைத்திருந்தது. எங்கள் வீட்டில் பச்சை நூல் கிடையாது.

"யாரு தச்சது?" என்றாள் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"ஒத்த ஆளுக்கு எதுக்குத் தனிக் காம்பரான்னு பெரிய கங்காணி சொல்லிட்டாரு. புதுசா வந்த சனத்தக் கொண்டாந்து விட்டுட்டாரு. அதுல ஒரு புள்ள. புருஷன் செத்துப்போச்சு."

"உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

அப்பா குழம்பு கேட்டார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியைத் துரத்திற்றாம் என்று துணிக்கடை அம்மாள் பிற்பாடு சொன்னார். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெண் யாரையும் துரத்தவில்லை. எங்கள் இடம் காலியாகக் கிடந்தது, அவளை அதில் கொண்டுவந்து விட்டார்கள். மலையிலிருந்து நனைந்து வருகிற மனுஷனுக்கு அவள் கஞ்சி காய்ச்சினாள். எனக்கு ஆத்திரம் அந்தப் பெரிய கங்காணி மேல். ஆணியில் மாட்டிய கம்பளியைப் போல வாயைத் திறக்காமல் இருந்த அப்பா மேல். அந்த விளக்கின் மேல்.

அப்பா கூப்பிடாமல் இல்லை. ஒரு ஞாயிறு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "வீட்டப் பூட்டிட்டு வந்துரு புள்ள. நீ வந்தா அந்தச் சனத்த வேற எடத்துக்கு மாத்தச் சொல்றேன்" என்றார். அம்மா பெட்டியைத் திறந்து பூட்டை எடுத்தாள். மறுநாள் முழுவதும் துணிமணிகளை மூட்டை கட்டினாள். என்னையும் மூட்டையையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டை மாட்டினாள். அமுக்கவில்லை, மாட்டினாள், அவ்வளவுதான். அப்படியே கையை வைத்தபடி நின்றாள். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு வைக்கிறார்கள். நான் காலை மாற்றி மாற்றி நின்று பார்த்தேன். கடைசியில் பூட்டைக் கழற்றி உள்ளே போய், விளக்கை ஏற்றிவிட்டு, "உள்ள வா, பனியில நிக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. விறகு நின்றது, தேயிலை மட்டும் வந்தது. ஒரு ஆடி மாதம், கச்சான் காற்று கதவைப் படபடவென்று அடித்துக் கொண்டிருந்த மத்தியானம், வெளியே யாரோ இருமுவது கேட்டது. அப்பாவின் இருமல் எங்கள் இருவருக்கும் தெரியாதா? கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அவர் தள்ளவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை.

"யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான்."



"உள்ள வரலாமா?" என்றார் அப்பா.

"வாங்க" என்றாள் அம்மா. வந்தவருக்குப் பாய் போட்டு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். கம்பளியை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். அம்மா கேட்ட கதவு அவளுக்குக் கிடைத்துவிட்டது. கேட்காமல் யாரும் திறக்காத கதவு.

பதுளைக்கு ரயில் வந்தது. ஊரே மேளதாளமாக இருந்தது. அதற்கு முன்னால், ரயில் பாதைக்கும் ரோட்டுக்குமாக மேடுகளை வெட்டியபோது எங்கள் வீடு இருந்த சரிவும் போயிற்று. அப்போது நான் உபாத்தியாயினி, ஒரு வாடகை அறை பார்த்து வைத்திருந்தேன். கடைசி அந்தியில் அம்மா விளக்கை வழக்கம்போல ஏற்றி, அது எரிந்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியிலிருந்து பூட்டை எடுத்துக் கதவைப் பூட்டினாள். இடிக்கப்போகிற வீட்டை எதற்கம்மா பூட்டுகிறாய் என்று கேட்க என் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சாவியை என் கையில் கொடுத்து, "உங்கப்பா பேர்ல உள்ள வீடு. சாவி அவருகிட்ட இருக்கட்டும்" என்றாள்.

மறு ஞாயிறு மலையேறிப் போனேன். அதே லயம், அதே காம்பரா. நான் பிறந்த அறையின் வாசலில், இருமித் தெரிவித்துவிட்டு நின்றேன். நரைத்துப்போன ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்கம்மா, உள்ள வாங்க. நம்ம வீடுதான், வெக்கப்படாம ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய? அப்பா சாவியை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "வெளக்கு?" என்றார். எரிந்து முடிந்துவிட்டது என்றேன். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அவரை அடக்கம் பண்ணியபோது அது அவர் இடுப்பிலேயே கிடந்ததாம், அந்த அம்மாள் சொல்லியனுப்பினாள். அப்போது என் அம்மா உயிரோடு இல்லை.

பூட்டு என்னிடம் இருக்கிறது. வீட்டை இடிக்க வந்தவர்கள் யாரையும் கேட்கவில்லை, கதவை நிலையோடு பெயர்த்தார்கள். நாதாங்கி பிய்ந்து, பூட்டியபடியே மண்ணில் கிடந்ததை நான் பொறுக்கி வந்தேன். கொய்யா மரம், துணிக்கடை அம்மாளின் வீடு, தெரு, எதுவும் இப்போது இல்லை. அந்த உயரத்தில் தரையே இல்லை. லயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நேற்றுச் சாயந்தரம் எதிர் வீட்டுப் பெண் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பூட்டு திறந்துவிட்டதாம். மாடத்தில் இருந்த என் பூட்டைப் பார்த்துவிட்டு, "எண்ண மிச்சம் இருக்கு வாத்தியாரம்மா, இதுக்கும் ரெண்டு சொட்டு விடட்டுமா? தெறந்துரும்" என்றாள்.

"வேணாம்மா. அதோட கதவு போயிருச்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கு வைக்க நேரமாச்சு, போ என்று அனுப்பிவிட்டேன்.