மூலைமட்டமும் வாதாங்கொட்டையும்

அம்மாவின் தம்பி மரவேலை கற்றுக்கொள்ளப் போய் மாதங்கள் ஓடியும் எங்கள் வீட்டுக்கு ஒரு முக்காலிகூட வந்து சேரவில்லை. அப்பாவுக்கு அதில் பெரிய குறை. பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறி அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்த மாமா, முதல் மாதம் முழுவதும் ஒரே கட்டையை இழைத்துக்கொண்டிருந்தார். ஆறு பக்கமும் பிசகில்லாமல் வரும்வரை அடுத்த வேலை கிடையாதாம். "தேச்சித் தேச்சி அத்த பல்குச்சி ஆக்கிடுவான் போலக்கீது" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார், மாமாவின் காதில் விழும்படியாகத்தான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது. மாமா பை நிறையக் கொண்டுவரும் மரச்சுருள்களைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றி வருவேன். மீதியை அம்மா வெந்நீர் அடுப்பில் போடுவாள். எங்கள் இருவரைப் பொறுத்தவரை மாமாவின் படிப்பு நல்ல பலன் தந்துகொண்டிருந்தது.

ஆனால் மாமா எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். மூன்றாவதாக ஒரு தோல்வியை அப்பா தாங்கமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. தேறினால் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வார்கள். தேறாவிட்டால் ஊருக்குப் போய்ச் செங்கல் சூளையில் நிற்க வேண்டும் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா உளிகளையெல்லாம் தீட்டி, கருவிகளைச் சிவப்புத் துணியில் வரிசையாக வைத்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனார். மரவேலைத் தேர்வுக்கு முடி எதற்கு என்று அம்மா கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வாதுமை மரத்தடியில் பொறுக்கிய வாதாங்கொட்டைகளை மடி நிறைய வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். கல்லால் தட்டினால் பருப்பு நசுங்கிக் கூழாகிவிடும். உடையாத முழுப் பருப்பை எடுத்துக் காட்டுபவளுக்கு எங்கள் தெருவில் ஒரு மரியாதை உண்டு. துணிக்குள் இருந்த மூலைமட்டம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. இரண்டு பலகைகள் சேரும் மூலை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் இரும்புக் கருவி. ஆங்கில 'எல்' எழுத்துப் போல இருக்கும்; ஒரு பக்கம் தடித்த இரும்புக் கட்டை, மறுபக்கம் மெல்லிய தகடு. தகட்டைப் பிடித்துக்கொண்டு கட்டையால் கொட்டையின் மேல் ஒரு போடு போட்டேன். அடடா, பருப்பு முழுசாக வெளியே வந்தது. ஏழெட்டுக் கொட்டைகளை அப்படி உடைத்தேன். கடைசி அடி குறி தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே ஆகவில்லை. பாவாடையில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை தேர்வு முடிந்து வந்த மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்த அம்மா, கேட்க வந்ததைக் கேட்காமல் தண்ணீர் கொண்டுவரப் போனாள். அப்பா கேட்டார். அக்கா புருஷன் என்பதால் மாமாவும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

"நான் செஞ்ச சட்டத்தோட மூல நேரா இல்லியாம், மாமா. மூணு மாசம் கழிச்சி மறுபடி வரச் சொல்ட்டாங்க."

"ஒரு கட்டைய நேரா அறுக்கத் தெரில, இத்தினி நாளு இன்னாடா கத்துகினே அங்க? மரமண்ட!"

அப்பாவின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். திட்டு ஓய்ந்ததும் மாமா கொல்லைக்குப் போய், குளியலறைக் கதவின் பின்பக்கம் மூலைமட்டத்தை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. அடியில் ஒன்றாகக் கிளம்பிய கோடுகள் மேலே போகப் போக விலகின. மாமா மூலைமட்டத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். தகடும் கட்டையும் சேரும் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டார். நான் அதைத் தொட்டது தெரிந்துவிடுமோ என்று கொல்லைக் கதவோரம் ஒளிந்து நின்றேன்.

உள்ளே வந்து அப்பாவிடம், "தப்பு என்னுதுதான் மாமா. போறதுக்கு முன்னால நான் சரியா பாக்கல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மாமாவே தன் தப்பு என்று சொல்லிவிட்ட பிறகு நான் ஏன் பயப்பட வேண்டும்? அன்று இரவு ஒரு வாய் சோறு கூடுதலாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் மாமா என் தலையில் கை வைத்து, "நாளிக்கி நாம ரெண்டு பேரும் வாதாங்கொட்ட ஒடைக்கலாம்மே. நல்லதா ஒரு கல்லு எடுத்து வையி" என்றார். தோல்வியை மறக்க மாமா கொட்டை தின்னப் பார்க்கிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அம்மா அழுது மன்றாடி அப்பாவிடம் அந்த மூன்று மாதத்தை வாங்கித் தந்தாள். கூடப் படித்தவர்கள் தொழிற்சாலைக்குப் போன அதே காலை ரயிலில் மாமா பழையபடி பயிற்சிக் கூடத்துக்குப் போனார். அப்பா அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். இரண்டாம் தடவை மாமா தேறினார், வேலையும் கிடைத்தது. எங்களுக்கு முக்காலியும் வந்தது. அப்பா அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடாததால் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

பல வருஷம் கழித்து, என் வீட்டில் அலமாரி செய்ய வந்த ஆசாரி புது மூலைமட்டத்தைப் பலகையில் வைத்து ஒரு கோடு போட்டார். திருப்பி வைத்து இன்னொன்று போட்டார். எதற்கு என்று கேட்டேன். "மட்டம் நேரா கீதான்னு பாக்கறேம்மா. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு வுழணும். வெலகினா, எங்கியோ அடி பட்டுக்கீதுன்னு அர்த்தம்" என்றார்.

அவருக்குக் கொண்டுவந்த காபி என் கையிலேயே ஆறியது. அன்று இடுக்கிலிருந்து மாமா கிள்ளிப் போட்டது வாதாங்கொட்டை நார் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா தப்பித்திருப்பார். வீங்கியிருப்பது என் முதுகாக இருக்கும். பத்தொன்பது வயது மாமா மூன்று மாதம் மரமண்டையாக இருந்துவிட்டு, என்னிடம் கேட்டது ஒரு கல்லைத்தான். அந்தக் கல்லைக்கூட நான் எடுத்து வைக்க மறந்துபோனேன்.